தலை கழுவும் தொட்டியில் மூக்கு வைத்தியம்

முடி வெட்ட வந்தவளின் முழங்கால் வலிக்கும், புருவம் திருத்த வந்தவளின் வயிற்றெரிச்சலுக்கும் பார்லரம்மாவிடம் மருந்து உண்டு. கேட்டால்தான் சொல்வது என்று வைத்துக்கொண்டால் உலகம் எப்போது திருந்துவது? அதிலும் அவளுக்கு மிகவும் கைராசியான துறை மூக்கு.

கடை மூலையில் தலை கழுவும் தொட்டி, அதன் முன்னால் ஒரு சாய்வு நாற்காலி. யாருக்காவது மூக்கில் இரத்தம் வந்தால் போதும், அதில் மல்லாக்கச் சாய்த்து, கழுத்தைத் தொட்டி விளிம்பில் வைத்து, உச்சந்தலையில் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுவாள். சற்று நேரத்தில் இரத்தம் நின்றுவிடும். பெரும்பாலும் தானாகவே நின்றிருக்கக்கூடியதுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் அதைக் காக்கையிடமே போய்ச் சொல்ல யாருக்குத் துணிச்சல்?

கணவருக்கு நிச்சயமாக இல்லை. அவர் மின்சார வேலை பார்ப்பவர். ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டுவிட்டு வீட்டில் வாயை அணைத்து வைத்திருப்பவர். போன வருடம் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அதைத் தினமும் உறையிலிருந்து பிரித்துக் கொடுப்பவளே பார்லரம்மாதான்.

ஒரு நாள் முற்பகல், கடையில் பழுதான முடி உலர்த்தியைக் கழற்றிக்கொண்டிருந்தவரின் சட்டையில் சொட்டுச் சொட்டாக இரத்தம் விழுந்தது. அவர் முன்னால் குனிந்து மூக்கைப் பிடித்தார்.

"குனியாதீங்க! மொத்தமும் கொட்டிடும். இங்க வந்து அண்ணாந்து படுங்க!"

படுத்தார். தலையில் சாயம் பூசி உட்கார்ந்திருந்த பள்ளி ஆசிரியைக்கு மனம் கேட்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமே அக்கா?"

"நீங்க சாயம் காயுற வரைக்கும் தலையை ஆட்டாம இருங்க டீச்சர். மூக்கு எனக்குப் புதுசா?"

தண்ணீர் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்தாள். துண்டில் கறை இல்லை. "பாத்தீங்களா?" என்று நிமிர்ந்தாள். அந்த முகத்துக்கு ஒரு வெற்றி மாலைதான் பாக்கி.

ஆசிரியை மூக்கைப் பார்க்கவில்லை. அவருடைய தொண்டை ஓயாமல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் எதையோ முழுங்கிட்டே இருக்காரே அக்கா."

"என்னங்க, என்னத்த முழுங்குறீங்க?"

பதில் சொல்ல எழுந்து வாயைத் திறந்தார். அவ்வளவு நேரம் விழுங்கிய இரத்தமெல்லாம் தொட்டியில் வாந்தியாக விழுந்தது. மூக்கும் மறுபடி ஒழுக ஆரம்பித்தது.

பார்லரம்மாவுக்குக் காலையில் தன் கையாலேயே கொடுத்த மாத்திரை அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று அழுதாள். சாயத் தலையோடு ஆசிரியையே இருவரையும் தன் காரில் ஏற்றி ஓட்டினாள்.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் மருந்துத் துணி வைத்து அடைத்து, இரத்தம் நின்றதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் டாக்டரம்மா கோபப்பட்டார்.

"முன்னாடி சாஞ்சு உக்காரணும். மூக்குல எலும்புக்குக் கீழே மெத்துனு இருக்கிற இடத்தை இறுக்கிப் பிடிச்சு, பத்துப் பதினஞ்சு நிமிஷம் விடக்கூடாது. நடுவுல எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது. அப்படியும் நிக்கலன்னாலோ, ரொம்பக் கொட்டினாலோ, தலையில அடிபட்டு வந்தாலோ இங்க வந்துடணும். நீங்க சாப்பிடுற மாத்திரைக்கு, காத்திருக்கவே கூடாது. அண்ணாந்து படுத்தா ரத்தம் நிக்காது, உள்ள போகும். யாரு உங்கள இப்படிப் படுக்க வச்சது?"

பார்லரம்மா தரையைப் பார்த்தாள்.

"யாரோ ஒரு பார்லர்காரம்மா, டாக்டர்," என்றார் கணவர், அடைத்த மூக்கோடு.

"இனிமே அந்தம்மா கடைப் பக்கமே போகாதீங்க."

"அது முடியாதுங்க. எனக்குச் சாப்பாடு அங்கதான்."