எடை ஏறாத குட்டி

என் கணவர் குவைத்தில் இறந்த பதினோராம் நாள் அந்தப் பூனைக்குட்டி எங்கள் கொல்லையில் வந்து கிடந்தது. நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருக்கும் காலம் அது. அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். போனுக்கு ஒரு படம் மட்டும் வந்தது. ஒரு மண்மேடு, தலைமாட்டில் ஒரு கல். அதைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை. அங்கே வெயில் அதிகம் போல, படம் வெளுத்திருக்கிறது என்று நினைத்தேன்.

இங்கே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் குட்டி கத்திக்கொண்டே கிடந்தது. தலத்தெருவிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து போகும் என் தங்கைதான் குனிந்து பார்த்தாள்.

"தாயைக் காணோம் லாத்தா. இப்படியே உட்டா செத்துப்போயிரும்."

நான் எடுத்து உள்ளே விட்டேன். இரக்கம் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சத்தம் நிற்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

கேக் செய்ய வாங்கிய எடை மிஷினில் வைத்தபோது நானூற்றுப் பத்து கிராம் காட்டியது. சூடை மீனை உப்பும் மஞ்சளும் போடாமல் அவித்து, முள் எடுத்து வைத்தேன். தட்டை நக்கித் துடைத்துவிட்டது. மூன்று வாரத்தில் ஐந்நூற்று இருபது ஆனது. அதோடு நின்றுபோனது. பிறகு ஒரு நாள் தூக்கினால் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. நானூற்றுத் தொண்ணூறு. சாப்பிட்டதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது.

தங்கை மூடி போட்ட கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். அங்கிருந்து போன் செய்தாள்.

"டாக்டர் கேக்குறாங்க லாத்தா. சாப்புட்டதும் கக்குதா?"

"இல்ல."

"வெளிக்கி எப்புடிப் போவுது? தண்ணியாவா, கெட்டியாவா?"

அது வெளிக்குப் போகும் மண் டப்பாவைத் தினமும் அள்ளிச் சுத்தம் செய்தவள் நான்தான். ஆனால் நினைவில் ஒன்றும் இல்லை.

"தெரியல."

"எப்பலேர்ந்து எளைக்குது?"

"தெரியல."

"நாள் பூரா அதுகூடத்தானே இருக்கீங்க?" என்றாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றேன். என் கணவரோடு ஒரே அறையில் இருந்தவர் அவர் மௌத்தான மறுநாள் பேசியது ஞாபகம் வந்தது. "ரெண்டு மாசமாவே எளைச்சுக்கிட்டுதான் வந்தாரு. உங்ககிட்ட சொல்லலையாம்மா?" என்று கேட்டார். சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா முடிந்ததும் நாங்கள் வீடியோவில் பேசினோம். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்ததை நானும் பார்த்தேன்.

"எளைச்ச மாரி தெரியுதே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"போன்ல அப்படித்தான் தெரியும். இங்க வெயிலு வேற" என்றார்.

சரி என்று, மாடி ஒழுகுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மாரடைப்பு என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஏன் இளைத்தார் என்பது எந்தத் தாளிலும் இல்லை.

மறுநாளிலிருந்து விடியலில் சுபுஹு தொழுததும் குட்டியை எடை போட்டேன். கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் எழுதினேன். எடை, எத்தனை வேளை சாப்பிட்டது, வெளிக்குப் போனது எப்படி. பூச்சி மருந்து இரண்டு முறை கொடுத்தோம். மலத்தைப் பரிசோதித்ததில் ஒன்றும் இல்லை. பாலை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். சொட்டு மருந்து கொடுத்தேன். நானூற்று எண்பத்தைந்து. மறுபடி நானூற்று எண்பத்தைந்து. ஒரு காலை நானூற்று அறுபது. மிஷினிலிருந்து இறங்காமல் அங்கேயே படுத்துக்கொண்டது.

தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இது பொழைக்காது போலருக்கு லாத்தா. மனசைத் தேத்திக்கிடுங்க."

"என் மனசுக்கு ஒண்ணும் ஆவலையே" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் எழுந்து போய் மீனை அடுப்பில் வைத்தேன்.

குட்டி சாகவில்லை. அடுத்த வாரம் ஐந்நூறுக்கு வந்தது. பிறகு ஒரு வாரத்துக்குப் பத்து கிராம், பதினைந்து கிராம் என்று நகர்ந்தது. ஏன் இறங்கியது, ஏன் ஏறியது, இரண்டும் எனக்குத் தெரியாது.

இத்தா முடிந்த அன்று தங்கை ஊதா நிறத்தில் புதுப் புடவை கொண்டுவந்தாள். குளித்துக் கட்டிக்கொண்டேன்.

"மொதல்ல எங்க போவணும் லாத்தா? மாமி வீட்டுக்கா?"

"மாட்டாஸ்பத்திரிக்கு" என்றேன்.

ஆட்டோவில் போனோம். டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். இந்த முறை கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். காலண்டர் தாள்களைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். குட்டியின் வயிற்றை அமுக்கினார், ஈறைப் பார்த்தார், நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார்.

"நம்மகிட்ட இருக்குற டெஸ்ட் எல்லாம் பாத்தாச்சுங்க. காரணம் புடிபடல. தாய்ப்பால் சரியா கெடைக்காத குட்டியா இருக்கலாம், பொறவியிலேயே ஏதாவது கொறையா இருக்கலாம். பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனா ஸ்கேன் பாக்கலாம். ஆனா சாப்புடுது, விளையாடுது. நீங்க செய்யவேண்டியதெல்லாம் செஞ்சுட்டீங்க."

"காரணம் தெரியாமலே இருந்துட்டுப் போவலாமா?" என்று கேட்டேன்.

அவர் தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்தார். "இருக்கலாம்ங்க. நெறைய பேரு அப்படித்தான் இருக்காங்க."

திரும்பி வரும்போது அரசலாற்றுப் பாலத்தில் காற்று பலமாக அடித்தது. வீட்டு வாசலில் ஆட்டோ நின்ற பிறகும் கூடைப் பிடியிலிருந்து என் கை வரவில்லை. தங்கை ஒவ்வொரு விரலாக விலக்கி எடுத்தாள். எனக்கு வலிக்கவில்லை.

இப்போது அதற்கு ஒரு வயது தாண்டிவிட்டது. இரண்டு கிலோ கூட இல்லை. வருகிறவர்கள் நாலு மாசக் குட்டியா என்று கேட்கிறார்கள். நான் திருத்துவதில்லை. போன மாதம் ஒரு நாள் தங்கை வந்ததும் கேட்டாள்: "இன்னைக்கி எவ்வளவு லாத்தா?"

யோசித்துப் பார்த்தேன். எடை போட்டு எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை.

"பாக்கல" என்றேன்.

அவள் வாங்கி வந்த மீனை ஆயக் கொல்லைக்குப் போனாள். குட்டி அவள் பின்னால் ஓடியது.