ஞாயிற்றுக்கிழமை நாடாளுமன்றம்

மன்னர்களைப் பற்றி என் அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. எங்கோ ஒரு நாட்டில் சனம் தெருவில் இறங்கிவிட்டது, மன்னர் அவசரமாக ஓர் ஆலோசனைச் சபையை அறிவிக்கிறார் என்று தொலைக்காட்சியில் காட்டினால், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: "கெட்டிக்காரன். பறிக்க முந்திக் குடுக்கிறான். குடுக்காதவனுக்குத்தான் முடி போனது." நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் அரண்மனை இன்னும் நிற்பதற்கும் அதே காரணத்தைத்தான் சொல்வார். வீட்டிலும் அதைச் செய்து பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில் நாலாம் மாடியில் அப்பா, அம்மா, தங்கை, நான். வடக்கே ரயிலில் ஏழு மணி நேரம் தள்ளியிருக்கும் துரொண்ட்ஹெய்முக்குப் போய்க் கப்பல் பொறியியல் படிக்கப்போகிறேன் என்றேன். "பொம்பிளைப் பிள்ளை தனிய அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஒஸ்லோவில இல்லாத படிப்பே?" என்றார் அப்பா. நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். ஒரு கிழமை கழித்துத் தங்கையும் நிறுத்தினாள். அம்மாவும் சோற்றை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போகத் தொடங்கியதும் மனிதர் ஆடிப்போனார்.

அடுத்த ஞாயிறு எங்கள் மூவரையும் வரவேற்பறையில் உட்காரவைத்தார். எங்கள் குடியிருப்புக் கூட்டுறவின் நிர்வாகக் குழுவில் பல வருடம் இருந்தவர்; நிகழ்ச்சி நிரலை அச்சடித்தே வைத்திருந்தார். "இனி இந்த வீட்டில ஆளுக்கொரு வாக்கு. பெரும்பான்மை என்ன சொல்லுதோ, நானும் அதுக்குக் கட்டுப்படுவன்" என்றார். நாங்கள் கைதட்டினோம். வெட்கக்கேடு, முதலில் தட்டியது நான்.

முதல் கூட்டத்தில் வெள்ளிக்கிழமைப் புட்டைத் தோற்கடித்து, இந்த நாட்டார் வீடுகளில் வெள்ளிதோறும் சாப்பிடும் டாக்கோ வென்றது. அடுத்ததில் சோபாவின் நிறம். அதற்கடுத்ததில் தங்கை இரவு பதினொரு மணிவரை வெளியே நிற்கலாம் என்று ஆனது. அதை முன்மொழிந்ததே அப்பாதான். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். துரொண்ட்ஹெய்ம் மட்டும் ஒவ்வொரு முறையும் நிரலின் அடியில் கிடந்தது. "முக்கியமான விசயம், ஆராய்ஞ்சுதான் முடிவெடுக்கவேணும்" என்று என்னிடமே அறிக்கை கேட்டார்: அறை வாடகை, ரயில், அங்கே எத்தனை தமிழ்க் குடும்பங்கள். மடைச்சி நான், எட்டுப் பக்கம் எழுதினேன். கோபப்பட நேரமில்லாமல் எழுதினேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒரு செவ்வாய். அதற்கு முந்திய ஞாயிறு, இன்றைக்கே வாக்கெடுக்க வேண்டும் என்றேன். அறிக்கையைத் தான் இன்னும் முழுக்க வாசிக்கவில்லை, ஒரு கிழமை தள்ளுவோம் என்றார் அப்பா. தள்ளுவதா என்பதையே வாக்குக்கு விட்டார். அவர் கை உயர்ந்தது. அதைப் பார்த்து அம்மாவின் கை உயர்ந்தது. "ஒரு கிழமைதானே அக்கா" என்று தங்கையும் உயர்த்தினாள்.

"செவ்வாயோட முடியுது அப்பா" என்றேன்.

"ஓம், தெரியும். ஆனா பெரும்பான்மை முடிவெல்லோ, பிள்ளை."

செவ்வாய் முழுக்க மடிக்கணினி என் முன்னால் திறந்தே இருந்தது. பேங்க் ஐடி என்ற என் சொந்த மின்னடையாளத்தால் பத்து நிமிடத்தில் அனுப்பியிருக்கலாம். ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை. தோற்றாலும் முடிவை மதிக்க வேண்டும் என்று எனக்கு நானே பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவைவிட, அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருந்த என்மேல்தான் எனக்கு வெறுப்பு அதிகம்.

அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு நடந்தது. நான் துரொண்ட்ஹெய்ம் போகலாம் என்பதற்கு நாலு கைகளும் உயர்ந்தன. அப்பாவின் கைதான் முதலில் உயர்ந்தது. "ஏகமனதாக நிறைவேறியது" என்று குறிப்பேட்டில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். நானும் போட்டேன்.

அதற்குப் பிறகு கூட்டமே நடக்கவில்லை. ஆவணியில், அவர் சொல்லி முன்பே விண்ணப்பித்திருந்த கணக்கியலில் ஒஸ்லோவிலேயே சேர்ந்தேன். "வாற வருசம் போகலாம், தீர்மானம் இருக்குத்தானே" என்றார். தீர்மானம் இன்னும் செல்லுபடியாகும். எனக்கு இப்போது முப்பத்தொரு வயது.