மஞ்சள் பெட்டி இல்லாம மிக்சர் தரமாட்டம்

வாடகைக்கு மெஷின் குடுக்கிற கடையில ஒரு கிழமை நிண்டு பார்த்த ஆருக்கும் தெரியும், மெஷின் பிழை விடுறதே இல்லை, ஆனா எல்லாப் பிழையும் மெஷின்ட பேரிலதான் வரும்.

உங்களில ஆராவது டிரில், கிரைண்டர், தண்ணிப் பம்ப் எண்டு எதையாவது ஆக்களுக்குக் குடுத்து வாங்குற வேலை செய்யிறீங்களெண்டா என்ட பாடு உங்களுக்கு விளங்கும். நான் வெள்ளவத்தையில, காலி றோட்டில இருந்து கடல் பக்கம் இறங்குற ஒரு லேனில, முதலாளி நஸீர் நானாட கடையில கவுண்டரில இருக்கிறன். பில் எழுதத்தான் என்னை எடுத்தவர். வந்த ரெண்டாம் நாள் கரண்டில ஓடுற சீமெந்து மிக்சரைக் கண்டன், அதோட சரி. ஒரு சுவிட்சைத் தட்டினா ட்ரம் சுத்தும். கல்லும் மண்ணும் சீமெந்தும் தனித்தனியா உள்ளுக்குப் போய், நாலைஞ்சு நிமிஷத்தில பளபளத்துக்கொண்டு ஒண்டா வெளியில வரும். இதைப் பார்த்தும் சும்மா போற ஆக்கள் இருக்கினம், எனக்கு அதுதான் விளங்கிறேல்ல. (கவுண்டரில இருந்துதான் டைப் பண்ணுறன். இடையில கஸ்டமர் வந்தா விட்டிட்டுப் போய் வருவன், குறை நினைக்காதேங்கோ.)

மஞ்சள் பெட்டியைப் பற்றி முதலே சொல்லோணும். எங்களிட்ட மூண்டு மிக்சர், ஒவ்வொண்டுக்கும் ஒரு நீட்டு வயர். அந்த வயரின்ட பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில, தனிச் சின்ன வயரோட, ட்ரிப் சுவிட்ச் வச்ச ஒரு மஞ்சள் பெட்டி கொழுவோணுமெண்டு அடம்பிடிச்சது நான். கரண்ட் ஒழுகி மெஷின்ட உடம்புக்கோ ஈர நிலத்துக்கோ போனா, ஆளை விழுத்த முதல் பெட்டி படக்கெண்டு வெட்டிவிடும். நானா மூண்டு பெட்டி வாங்கித் தந்தார், ஒரு கண்டிஷனோட. "பொட்டிய குறை சொல்லி மூணு பேர் மெஷின திருப்பிக் கொண்டு வந்தா, பொட்டி அலுமாரிக்குள்ள போகும். சரியா மகள்?" நான் சரியெண்டு தலையாட்டினன். கொழும்பு ஆக்களை அப்ப எனக்கு அவ்வளவு தெரியாது.

நிலம் மட்டமா இருக்கோணும்

எங்கட போர்டில "மிக்சர்" எண்டது பெரிய எழுத்து, "வாடகைக்கு" எண்டது சின்ன எழுத்து. ஒருநாள் ஒரு அன்ரி கோல் எடுத்தா. "பிள்ளை, மிக்சர் இருக்கோ?" ஓம் அன்ரி, சின்னதோ பெரிசோ எண்டு கேட்டன். "பெரிசு. நாளைக்குப் பின்னேரம் அறுபது பேர் வருவினம்." அறுபது பேர் வேலைக்கு வருகினமெண்டா அது லேசுப்பட்ட கட்டடமா? எனக்கு இருப்புக் கொள்ளேல்ல.

வழமையா ஒப்பிக்கிற எல்லாத்தையும் ஒப்பிச்சன். நிலம் மட்டமா, இறுக்கமா இருக்கோணும், சரிவில வச்சா கவிழும். வாய் வரைக்கும் நிரப்பப்படாது. சுத்திக்கொண்டிருக்கேக்க உள்ளுக்குக் கை போடவே கூடாது. முடிஞ்ச உடன கழுவோணும், இல்லாட்டி கல்லா இறுகிப்போகும். அன்ரி எல்லாத்துக்கும் "ம்... ம்..." எண்டு பொறுமையாக் கேட்டுக்கொண்டிருந்தா. கடைசியிலதான் கேட்டா: "பிள்ளை, இது பேத்திட பிறந்தநாளுக்கு. கை போடாம மிக்சரை எப்பிடியம்மா சாப்பிடுறது?"

கண்ணாடி அலுமாரி

கல்கிசையில ஒரு ஐயா, ரிட்டயர்ட் ஆன கிளார்க், மதில் கட்ட மிக்சர் எடுத்தவர். அடுத்த நாள் நானும் சுரேஷ் அண்ணாவும் அந்தப் பக்கம் போகேக்க எட்டிப் பார்த்தம். சுரேஷ் அண்ணா எங்கட வேன் ட்ரைவர், வயரிங் வேலையும் தெரிஞ்ச ஆள். அங்க மிக்சர் நல்லாத்தான் சுத்துது. ஆனா எங்கட பிளக் சதுரக் கால், அவையின்ட வீட்டில பழைய வட்ட ஓட்டை. ஐயா மிக்சரின்ட பிளக்கையே வெட்டி எடுத்திட்டு, ரெண்டு வயரை ஓட்டைக்குள்ள விட்டு நெருப்புக்குச்சியால இறுக்கியிருக்கிறார். மூண்டாவது, பச்சை மஞ்சள் எர்த் வயர், அது வீணா ஆடக்கூடாதெண்டு தையல் நூலால சுத்திக் கட்டி வச்சிருக்கிறார். உள்ளதைச் சொன்னா, அந்தக் கட்டு அவ்வளவு நேர்த்தி. இந்தக் கையிட்ட ஒழுங்கான பிளக்கைக் குடுத்திருந்தா இவர் எங்களை விட வடிவாப் பூட்டியிருப்பார்.

சுரேஷ் அண்ணா மெயினை நிப்பாட்டி, மிக்சருக்குப் புது பிளக் போட்டார். பெட்டி வயருக்கு, அந்த வீட்டு ஓட்டைக்குப் பொருந்துற, மூண்டு வயரும் பூட்டுற பிளக் ஒண்டை எடுத்து வச்சார். அப்ப மஞ்சள் பெட்டி எங்கயெண்டு நான் கேட்டன். ஐயா என்னை ஹோலுக்குள்ள கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடி அலுமாரி. தேத்தண்ணிக் கோப்பை செட்டுக்கும், ஒஃபீசில குடுத்த ஷீல்டுக்கும் நடுவில, பொலித்தீன் உறையோட எங்கட பெட்டி. "இவ்வளவு வடிவான சாமானை சீமெந்துத் தூசிக்குள்ள வைக்க மனம் வரேல்ல பிள்ளை."

புஷ்பம் அக்காட தாலி

ஹெவ்லொக் டவுனில ஒரு மாடி வேலை. மிக்சரில நிக்கிறது புஷ்பம் அக்கா, ஹட்டன் பக்கத்து ஆள். அவ வேலை செய்யிறதைப் பார்க்கவெண்டே நான் லஞ்ச் நேரத்தில பஸ் ஏறிப் போயிருக்கிறன். முதல் வெறும் ட்ரம்மைச் சுத்த விடுவா. பிறகு கொஞ்சம் தண்ணி, பாதிக் கல்லு, சீமெந்து, மண், மிச்சக் கல்லு. நிரப்பி வச்சிட்டு ஸ்டார்ட் பண்ணினா மோட்டர் முக்குமெண்டு எனக்குப் புத்தகம் வாசிச்சுத் தெரியும், அவவுக்குக் காதால தெரியும். சத்தம் கொஞ்சம் தடிச்சா வாளி கையில வந்திடும். மண் அள்ளுற சவல் ட்ரம்மின்ட வாய்க்கு வெளியிலதான் நிக்கும், ஒரு இஞ்ச்கூட உள்ள போகாது. மூக்கில துணி, கையில கிளவுஸ், காலில பூட்ஸ். சீமெந்து தோலைத் தின்னுமெண்டு சொல்லிச் சொல்லி இடைக்கிடை போய்க் கழுவுவா.

வேலை தொடங்க முதல் தலைமயிரைச் சுருட்டித் தொப்பிக்குள்ள தள்ளுவா. வளையலைக் கழட்டுவா. தாலியையும் கழட்டி, சோத்துப் பெட்டிட மேல் தட்டில வச்சு மூடுவா. நான் போயிருந்த ஒருநாள் ஒரு மேசன் அதைக் கண்டிட்டு, "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கேக்க தாலியைப் பருப்போட வச்சு மூடுறாளப்பா" எண்டு நக்கலடிச்சார். எல்லாரும் சிரிச்சினம். புஷ்பம் அக்கா ட்ரம்மில இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னா: "கழட்டுனா புருஷனுக்கு ஆகாதுன்னு சொல்றாங்க அண்ணே. கழட்டாட்டி எனக்கே ஆகாது."

பயகுல்லா

பெட்டியைக் குறை சொல்லி முதலாவது மெஷின் திரும்பி வந்தது தெஹிவளையில இருந்து. கொண்டு வந்தவர் ஜயசேன பாஸ், முப்பது வீடு கட்டின மேசன், சுவரில அவர் பூசின இடத்தில எறும்பும் வழுக்கும். பெட்டியால மெஷின் ஓடி ஓடி நிக்குதெண்டு குறை. வயரை விரிச்சுப் பார்த்தன். நடுவில ஒரு மூட்டு, அவரே போட்டது, பால்மாப் பக்கெட்டால சுத்தி. அது சேத்துத் தண்ணிக்குள்ள கிடந்திருக்குது. பெட்டி வெட்டாம என்ன செய்யும்? என்ட அரைச் சிங்களத்தில எல்லாத்தையும் விளங்கப்படுத்தினன். பாஸ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டிட்டு, சின்னப் பிள்ளையைத் தட்டுற மாதிரிப் பெட்டிட தலையில தட்டினார். சிங்களத்தில தங்கச்சிக்கு நங்கியெண்டு எனக்குத் தெரியும், பயந்தாங்கொள்ளிக்கு பயகுல்லா எண்டு சொல்றதெண்டு அப்பத்தான் படிச்சன். "நங்கி, மே பெட்டிய ஹரி பயகுல்லெக்."

டேப் சுத்தின கதை

பேர் ஒட்டிக்கொண்டிட்டுது. சுரேஷ் அண்ணா, நானா, எல்லாரும் இப்ப பயகுல்லா எண்டுதான் சொல்லுகினம். ரெண்டாவதா மெஷின் திரும்பி வந்தது ஒருகொடவத்தையில ஒரு கொண்டெய்னர் யார்டில இருந்து. அங்கத்தைச் சுப்பர்வைசர் பெட்டிட சுவிட்சை மேல தள்ளி, கறுப்பு டேப்பால இறுக்கிச் சுத்திட்டார், இனி எப்பிடி வெட்டுறாயெண்டு பார்ப்பமெண்டு. டேப் சுத்தினபடியே உள்ளுக்குள்ள வெட்டியிருக்குது. அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் பில் புத்தகத்துக்குள்ள முகத்தை வச்சிட்டன். மோட்டருக்கு மேல ஹோஸ் பைப்பால தண்ணி அடிச்சுக் கழுவினது பிறகுதான் தெரியவந்தது. சுப்பர்வைசர் பெட்டியைக் கவுண்டரில வச்சிட்டுச் சொன்னார்: "எங்கட பெடியள் நாப்பதடிக் கொண்டெய்னருக்கே பயப்பிடுறேல்ல தங்கச்சி. இது ஒரு வாளித் தண்ணிக்குப் பயப்பிடுது."

சுரேஷ் அண்ணாட பொக்கெட்

மற்றவையின்ட பிழையையே சொல்லிக்கொண்டிருந்தா நியாயமில்லை, என்டதையும் கேளுங்கோ. திரும்பி வந்த ஒரு மிக்சரின்ட ட்ரம்முக்குள்ள சீமெந்து இறுகியிருந்தது. சுத்தியலால அடிச்சா ட்ரம் நெளியும், அதால கல்லும் தண்ணியும் போட்டுச் சுத்த விட்டன். முக்கால்வாசி கழண்டுது. மிச்சத்தைச் சுரண்டுவமெண்டு, சுவிட்சை மட்டும் நிப்பாட்டிட்டு, தோள்மட்டும் கையை உள்ளுக்கு விட்டன். எல்லாருக்கும் உள்ளுக்குக் கை போடாதேங்கோ எண்டு ஒப்பிக்கிற நான்தான். சுவிட்சில ஆராவது முட்டினா என்ன நடக்குமெண்டு யோசிக்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தால தலையை நிமிர்த்தினா, சுரேஷ் அண்ணா பக்கத்தில நிண்டு தேத்தண்ணி குடிக்கிறார். அவரின்ட ஷர்ட் பொக்கெட்டுக்குள்ள இருந்து வயர் தொங்குது. நான் கை விடுறதைக் கண்ட உடன போய் பிளக்கைக் கழட்டிக்கொண்டு வந்து பொக்கெட்டுக்குள்ள போட்டிருக்கிறார். ஏச்சு வருமெண்டு பார்த்துக்கொண்டிருந்தன். ஏசேல்ல. "பிளக் என்ட பொக்கெட்டில இருக்கிறவரைக்கும் நீ உள்ளுக்குப் பாய் போட்டுப் படுக்கலாம்."

கொட்டாஞ்சேனை ஸ்லாப்

அன்ரனி அங்கிள் துறைமுகத்தில வேலை செய்யிறவர். கொட்டாஞ்சேனையில, ஒரு ஒடுங்கின லேனில, தன்ட வீட்டுக்கு மேல மகளுக்கு ஒரு வீடு எழுப்புறார். ஸ்லாப் போடுற அண்டைக்கு ஃபாதர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போக, வேலை தொடங்கினது. விடிய நல்ல மழை பெய்து ஓய்ஞ்ச நேரம். பத்து மணிக்கு எனக்குக் கோல். "பிள்ளை, உங்கட பெட்டி மூண்டுதரம் வெட்டிட்டுது. கழட்டிப் போட்டு மெஷினை நேரா சுவர் பிளக்கில குத்தட்டோ, இல்லாட்டி மெஷினைத் திருப்பி எடுக்கிறீங்களோ?" நஸீர் நானா பக்கத்தில நிண்டு கேட்டவர். இது திரும்பினா மூண்டாவது எண்டு மூண்டு விரலைக் காட்டினார். தொடாதேங்கோ அங்கிள், வாறம் எண்டு சொல்லிட்டு சுரேஷ் அண்ணாவோட வேனில ஏறினன்.

நாங்கள் போகேக்க அங்கிள் பெட்டியில இருந்து இழுத்தெடுத்த மிக்சர் பிளக்கைக் கையில பிடிச்சுக்கொண்டு சுவருக்குக் கிட்ட நிக்கிறார். "ஸ்லாப் பாதியில நிக்குது. விட்டு விட்டுப் போட்டா ஒட்டாது, மகளின்ட வீடு ஒழுகும். தள்ளு பிள்ளை." நான் பிளக் ஓட்டைக்கு முன்னால போய் நிண்டன். பத்து நிமிஷம் தாங்கோ, அது சும்மா வெட்டாது எண்டன். "பயந்த பெட்டிக்குப் பயந்த பிள்ளை" எண்டு அங்கிள் முணுமுணுத்தார். ஆனா கையைக் கீழ போட்டார். அதுக்குள்ள அக்கம்பக்கத்து ஆக்கள், பதினைஞ்சு பேர் இருக்கும், ஒருத்தரும் சொல்லாமலே பலகையில கல்லும் மண்ணும் சீமெந்தும் கொட்டிச் சவலால குழைக்கத் தொடங்கிட்டினம். இரும்புச் சட்டியில தாச்சி தாச்சியா கலவை மேல போகுது. ஸ்லாப்பை அவை காய விடேல்ல. அப்பிடி ஒரு வேகத்தை நான் மெஷினிலயும் காணேல்ல.

சுரேஷ் அண்ணா பெட்டி வயரின்ட பிளக்கைக் கழட்டிப் பொக்கெட்டுக்குள்ள போட்டிட்டு, மிக்சரின்ட நீட்டு வயரைக் கையால தடவிக்கொண்டே போனார். சேத்துக்கு மேல வீல்பரோ போறதுக்கு ஒரு தகரம் விரிச்சிருந்தினம். வயர் அதுக்குக் கீழால போகுது. தகரத்தைத் தூக்கினா, அதின்ட விளிம்பு ரப்பரை வெட்டி, உள்ளுக்குச் செம்பு மினுங்குது. அந்த ஈரத் தகரத்துக்கு மேல, விடியத்தில இருந்து வெறுங்காலோட நிண்டு வாளி நிரப்பிக்கொண்டு இருந்தது அங்கிளின்ட மனுசி பிலோ அன்ரி. இப்பவும் கையில வாளி. அங்கிள் தன்ட கையில இருந்த பிளக்கைப் பார்த்தார், பிறகு அன்ரிட காலைப் பார்த்தார். "பிலோ, நீ இங்கால வா" எண்டு மெல்லமாச் சொன்னார்.

மிக்சருக்கு வேனில இருந்த வேற வயரைப் பூட்டி, பெட்டியோட கொழுவி, கொடிக்கயிறு கட்டுற தூண் வழியா உயரத்தால இழுத்தம். வெறும் ட்ரம்மைச் சுத்த விட்டம். நாலு மணிக்கு ஸ்லாப் முடிஞ்சுது, பெட்டி ஒருக்காலும் வெட்டேல்ல. பிளேன்ரீயும், நம்பினா நம்புங்கோ, ஒரு தட்டு மிக்சரும் தந்தினம். அப்ப நானா கோல் எடுத்தார், மெஷின் திரும்பி வருதா எண்டு. நான் பதில் சொல்ல முதல் அங்கிள் ஃபோனை வாங்கிட்டார். "மெஷின் இப்ப வரும் முதலாளி, நாளைக்கு டிரில் வேலை இருக்கு, பெட்டி இங்க நிக்கட்டும். துறைமுகத்தில இத்தினை வருஷம் நான் ஒண்டுக்கும் பயந்ததில்லை, வீட்டில எனக்குப் பதிலாப் பயப்பிட ஒரு ஆள் இருக்கட்டும்."

ஆக, ஒண்டுக்கும் பயப்பிடாத ஆக்கள் வீடு கட்டுற இந்தக் கொழும்பில நாங்கள் இப்ப மூண்டு பயந்தாங்கொள்ளியளைத்தான் வாடகைக்கு விடுறம், மிக்சர் அதோட சேர்ந்து சும்மா போகுது.