சின்னையா கொடுத்த கீரிச் சேவல்

எங்கள் ஊர் ஆம்பளைகள் பெண்டாட்டி பிள்ளைகளை நம்பி விட்டுப் போவார்கள். சேவலை மட்டும் நம்பி யாரிடமும் விடமாட்டார்கள். அதிலும் எங்க சின்னையா, ஐயாவோடு கூடப்பிறந்த தம்பி, சண்டைக்கு வளர்த்த தன் கீரிச் சேவலை வாய்க்காலில் நீச்சல் விட்டுத் துவட்டும்போது பக்கத்தில் நின்று மூச்சு விட முடியாது. கம்பம் வரைக்கும் அந்தச் சேவலுக்கு இருந்த பேர் எங்க ஐயாவுக்குக்கூட இருந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட சேவலை ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த என் கையில் கொடுத்து, "இனி இது ஒனக்குத்தான் தாயி" என்றார்.

எத்தனையோ பேர் கேட்டும் கிடைக்காத சேவல் என்னைத் தேடி வந்திருக்கிறது என்றால் என் அருமை அவருக்குத்தானே தெரியும். இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருத் தெருவாக ஊர்வலம் போய்விட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அந்த வருசம்தான் சின்னையாவின் சம்சாரம் தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்திருந்தாள். அதற்கப்புறம் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று ஊர் சொன்னது. ஐயாவும் அதையேதான் சொன்னார்.

ஆத்தா அடுப்படியில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். சேவலைப் பார்த்து, யார் கொடுத்தது என்றாள். சொன்னேன். களியில் துடுப்பு அப்படியே நின்றது.

"குடுக்கும்போது என்னடி சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லலை. சிரிச்சாக."

சின்னையா சிரித்துப் பல மாசமாகியிருந்தது. நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னேன். ஆத்தா அடுப்பை அவித்துவிட்டு, சேவலை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு திராட்சைத் தோட்டத்துக்கு நடந்தாள். நடையா அது. என் கால் தரையில் பாவவில்லை.

சின்னையா மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆத்தா சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதா?" என்று, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

அவர் சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "வருது மதினி" என்றார். சொல்லிவிட்டு அழுதார். ஆம்பளை அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆத்தா திட்டவில்லை, புத்தியும் சொல்லவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த பிறகு சேவலை அவர் மடியில் வைத்து, "இது இவ கையில இரை எடுக்க மாட்டேங்குது. நீங்களே வந்து போடுங்க" என்றாள்.

பச்சைப் பொய். ஊர்வலம் போகும்போதே என் கையில் கம்பு தின்ற சேவல் அது. "தின்னுச்சே" என்றேன். தொடையில் கிள்ளு விழுந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே தோட்டத்தில் கிடந்த பூச்சி மருந்தையெல்லாம் எடுத்துத் தன் அண்ணன் வீட்டு மரப்பெட்டியில் பூட்டி வைத்தாள். ஊர் என்ன சொல்லும் என்றார் ஐயா. "ஊரு எழவுக்குத்தான் வரும். அதுக்கு முந்தி நாமதான் போகணும்" என்றாள். மறுநாள் மூவருமாகத் தேனிக்கு பஸ் ஏறி டாக்டரைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து சின்னையாவுக்குச் சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில்தான். சேவலை அவர் வாய்க்காலுக்குக் கொண்டு போனால் நானும் கூடவே போகவேண்டும் என்று உத்தரவு. சில நாள் எழுந்திருக்கவே மாட்டார். அப்போதெல்லாம் "சேவலு பட்டினி கெடக்கு" என்று ஆத்தா என்னை அனுப்புவாள். திட்டிக்கொண்டே எழுந்து வருவார். நல்லபடியாகத் தேறி வர வருசம் ஒன்றுக்கு மேல் ஆனது. எனக்கோ, கைக்கு வந்த சேவலைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டாளே என்று ஆத்தா மேல் தீராத கோபம்.

இப்போது எனக்கே தலை நரைத்துவிட்டது. போன மாசம் எங்கள் ஊரில் நர்சம்மா கூட்டம் போட்டார். பூச்சி மருந்தை யாரும் வீட்டில் வைக்காமல் பூட்டி வைக்க ஊருக்குப் பொதுவாக ஓர் அறை கட்டியிருந்தார்கள், அன்றைக்குத்தான் திறப்பு. அம்மைக்கு ஊசி போட்டுத் தடுத்த மாதிரி தற்கொலையையும் தடுக்கலாம், சாகிற நினைப்பு வருதா என்று கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்பதால் யாரும் சாகத் துணிவதில்லை என்றார். "ஆசையா வச்சிருந்ததைத் திடீர்னு எடுத்துக் குடுத்தாலும் கவனிங்க" என்றார்.

அரைகுறையாகத் தெரிந்திருந்தது எனக்கு முழுசாகப் புரிந்தது அந்த நிமிசம்தான். துடுப்பு ஏன் நின்றது என்பது. எழுந்து, "எங்க ஆத்தா அதத்தாம்மா செஞ்சா" என்றேன். நர்சம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, முழுக்கச் சொல்ல வைத்துக் கேட்டார்.

அறையின் பூட்டைத் திறந்து வைக்க ஊரிலேயே மூத்தவர் வேண்டும் என்றார்கள். அது எங்க சின்னையாதான். இரண்டாவதாகக் கட்டிய சம்சாரம், பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று கூட்டத்தில் பாதி அவர் வம்சம். கை நடுங்காமல் சாவியைத் திருப்பினார். திரும்பி வரும்போது என் காதருகே குனிந்து, "என்ன தாயி, ஒரு சேவல் தரட்டுமா?" என்றார்.

"நீங்களே வச்சுக்கிருங்க சின்னையா. என் கையில இரை எடுக்காது" என்றேன்.