காற்றின் பேரில் எழுதிய பறவைகள்

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம், அதற்கேற்ற சதை கிடையாது. வேலையில் சேர்ந்த அன்றே ஸ்டோரில் இருந்தவர், "உனக்கு எதுக்குப்பா ஏணி? நீயே ஒண்ணு நடந்து வந்த மாதிரிதானே இருக்கே" என்றார். அது ஒட்டிக்கொண்டது. "ஊரையெல்லாம் வெளிச்சமாக்குற ஏணி, நம்ம வீட்டுப் பரண்ல இருக்கிற டப்பாவை எடுத்துத் தர மட்டும் வர மாட்டேங்குது" என்று மனைவி அவ்வப்போது இடிப்பாள்.

அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள ஒரு காரியம் இருந்தது. அவருடைய அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர், பெரிய புல்வெளிக்கு அந்தப் பக்கம். நாற்பது வீடுகள் இருந்தும் மின்சாரம் வரவில்லை. சாலையை ஒட்டிக் கம்பி இழுத்தால் தூரம் அதிகம் என்று கோப்பு வருடக்கணக்கில் தூங்கியது. ஏணி அந்தக் கோப்பைத் தட்டி எழுப்பினார். மேசை மேசையாக அலைந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, கடைசியில் ஒரு யோசனையும் சொன்னார்.

"எதுக்கு சார் சுத்தி வளைக்கணும்? புல்வெளி நடுவுல நேரா இழுத்துட்டா ஒன்பது கிலோமீட்டர்தான். ரெக்கார்டுல தரிசுன்னுதானே இருக்கு. தரிசுல யாரு வந்து கேக்கப்போறா?"

யாரும் கேட்கவில்லை. கம்பம் நட்டார்கள். அப்போதுதான் அந்தப் பறவைகளை அவர் கிட்டத்தில் பார்த்தார். கானமயில்கள். இடுப்புயரம், நீண்ட வெள்ளைக் கழுத்து, தலையில் கறுப்புத் தொப்பி வைத்தது போல. ஓர் ஆண் பறவை தொண்டைப் பையை உப்பவிட்டு, வாலை விரித்து, பெட்டைக்காக மேட்டில் நின்று முழங்கிக்கொண்டிருந்தது. "மாப்பிள்ளை ரெடி, பொண்ணைத்தான் காணோம்" என்று ஆட்கள் சிரித்தார்கள். ஆள் நெருங்கியதும் அது ஓடி, சிறகடித்து, பாரம் ஏற்றிய லாரி மேடேறுவது போல மெல்ல எழும்பியது. அந்தக் காலத்தில் ஒரே பார்வையில் இருபதை எண்ணலாம்.

வெளிச்சம் வந்தது. அக்காதான் முதல் சுவிட்சைப் போட்டாள். போட்டுவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த வருடமே ஆழ்துளைக் கிணறுகளும் மோட்டார்களும் வந்தன. தண்ணீர் ஏறிய இடமெல்லாம் டிராக்டர் ஏறியது. புல் உழவானது, உழவு வயலானது, வயலுக்கு மருந்து அடித்ததில் வெட்டுக்கிளி செத்தது. வெட்டுக்கிளியைத் தின்று வாழ்ந்த பறவைகள் மிச்சமிருந்த புல்லுக்கு நகர்ந்தன. அந்த மிச்சப் புல், கம்பி ஓடிய அந்த நடுப்பகுதிதான்.

மூன்றாம் வருடம் ஒரு காலையில் லைன் டிரிப் ஆகி மின்சாரம் நின்றது. ஏணி கம்பத்துக்குக் கம்பம் பார்த்துக்கொண்டே போனார். முப்பத்தோராவது கம்பம் தாண்டி, கம்பிக்கு நேர் கீழே பறவை கிடந்தது. கழுத்து முறிந்திருந்தது. தூக்கிப் பார்த்தார். இடுப்பில் தூக்கிவைத்த பிள்ளையின் கனம் இருந்தது, இன்னும் சூடு போகவில்லை.

சப்-ஸ்டேஷனுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தபோது பொறியாளர் எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதப்போறே?"

"பறவை மோதிடுச்சு சார். கானமயிலு."

"பறவைன்னு எழுதினா காட்டிலாகாவுக்கு நகல் போகணும். அவன் வந்து நிப்பான். லைனை எடு, மாத்துன்னுவான். உங்க அக்கா ஊரு மறுபடி இருட்டாயிடும், பரவாயில்லையா?"

ஏணி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"காத்துன்னு போடு. காத்து வந்து சாட்சி சொல்லவா போகுது?"

காற்று என்று எழுதினார். பறவையை ஒரு முள் புதருக்குள் வீசிவிட்டு வந்தார். அடுத்த முறை பொறியாளர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினொரு வருடத்தில் பதின்மூன்று முறை அப்படி எழுதினார், இலை அசையாத நாள்களில்கூட. லைன் டிரிப் ஆகாமல் விழுந்தவை எத்தனை, நாய் இழுத்துப் போனவை எத்தனை என்பது அவருக்கும் தெரியாது.

பிறகு ஒரு நாள் புழுதி படிந்த ஜீப்பில் ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். கானமயில்கள் ஏன் குறைகின்றன என்று ஆராய அனுப்பப்பட்டவள். பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள்.

"இன்னும் ஏழுதான் இருக்குண்ணா" என்றாள். "அதுக்குக் கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல. பறக்கும்போது கீழே தரையைத்தான் பாக்கும், எதிர்ல கம்பி இருக்கிறதே தெரியாது. தெரிஞ்சாலும் அந்தக் கனத்தை வச்சுக்கிட்டுச் சட்டுனு திரும்ப முடியாது. வருஷத்துக்கு ஒரு முட்டைதான் போடும். ஒண்ணு செத்தா ஈடுகட்ட வருஷக்கணக்காகும். இந்தக் கம்பியில மோதி எதுவும் செத்திருக்கா?"

பொறியாளர் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றார் ஏணி. "காத்துக்குத்தான் டிரிப் ஆகும்."

"இங்க அவ்வளவு காத்தா?"

"வெட்டவெளி பாருங்க."

அவள் குறித்துக்கொண்டாள். கம்பியில் தவறில்லை என்றானதும் காட்டிலாகா வேட்டைக்காரனைத் தேடியது. பத்தே நாளில் பிடித்தும்விட்டது. புல்வெளி ஓரத்தில் குடிசை போட்டிருந்த ஆட்டுக்காரர்தான் அகப்பட்டார். அவர் குடிசையில் ஒரு பை நிறையக் கானமயில் இறகுகள் இருந்தன. தலையணைக்கு அடைக்க வைத்திருந்தாராம். பதின்மூன்றாவது பறவையின் இறகுகள் அவை. அதையும் ஏணி முள் புதரில்தான் வீசியிருந்தார்.

ஆட்டுக்காரர் ஒன்றும் அந்நியர் இல்லை. வெயிலில் கம்பம் பார்க்கப் போகும்போதெல்லாம் ஏணிக்குத் தண்ணீர் கொடுத்தவர். ஆட்டுக்காரரின் மனைவி ஏணியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கம்பிக்குப் பக்கத்துலேருந்து எடுத்ததுன்னு அவரு தலைபாடா அடிச்சுக்கிறாரு. யாரும் நம்பல. நீங்கதானே அண்ணே அந்தப் பக்கம் போறவரு. ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க."

"பாக்கலாம்மா" என்றார் ஏணி. அவள் போன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி நான்கு மாதம் போனது, ஆட்டுக்காரர் சிறையிலேயே இருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த ஏணியின் மனைவி ஒரு நாள் நேராகவே கேட்டாள்.

"பாக்கலாம் பாக்கலாம்னு அந்தப் பொம்பளைகிட்ட சொன்னீங்களே, எதைப் பாக்கப்போறீங்க?"

அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

"பதிமூணா?"

"ஆமா."

"ஒண்ணு ரெண்டுன்னா பயந்துட்டேன்னு சொல்லலாம். பதிமூணுன்னா அது பழக்கம்ங்க." சட்டையை மடித்து முடித்தாள். "அந்த மனுஷன் யாரோட பழக்கத்துக்கு உள்ளே கிடக்கிறாரு?"

மறுநாள் காலை அவர் நீதிமன்றத்துக்குப் போனார். ஒவ்வொரு தேதியையும் கம்ப எண்ணையும் மனதிலிருந்தே சொன்னார். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

ஆட்டுக்காரர் வெளியே வந்தார். அதற்குள் மந்தை கைமாறியிருந்தது. நன்றி சொல்ல அவர் வரவில்லை, ஏணியும் அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு முறை சந்தில் எதிரெதிரே வந்தபோது, ஆட்டுக்காரர் ஒதுங்கி நின்று வழிவிட்டார், ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு விடுவது போல. ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஏணிக்கு.

லைன்மேன் தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்டார் என்று பொறியாளர் கடிதம் கொடுத்துவிட்டு, மாற்றல் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ஏணியைக் கம்பத்திலிருந்து இறக்கி, பழுதான மீட்டர்கள் குவிந்த அறையில் உட்காரவைத்தார்கள். அக்கா தொலைபேசியில் கத்தினாள்.

"நீ குடுத்த வெளிச்சத்தை நீயே பிடுங்கப்போறியா? என் பேரப்பிள்ளைங்க எதுல படிக்கும்? பறவையா உனக்குச் சோறு போடுது?"

"பிடுங்க மாட்டாங்க அக்கா. கம்பியில தகடு மாட்டப்போறாங்களாம். பளபளன்னு இருந்தா பறவைக்குத் தெரியுமாம்."

"நீ இனிமே எனக்குப் போன் பண்ணாதே."

தகடு மாட்டும் வேலைக்கு அவரையே திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. அந்த லைனை அவரைப் போல அறிந்தவர் வேறு யாருமில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொடங்கி, மாலை நான்கு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். நாளொன்றுக்கு அரைக் கிலோமீட்டர் முடிந்தால் பெரிது. அக்கா ஊர்ப் பக்கமிருந்து ஆரம்பித்தார்கள். ஐம்பது தாண்டிய உடம்பு, முட்டி வலி. ஆனாலும் வேறு யாரையும் அவர் ஏறவிடவில்லை.

ஆறாவது கிலோமீட்டரில், கம்பத்தின் உச்சியிலிருந்து பார்த்தபோது, இன்னும் தகடு மாட்டாத பக்கத்தில் புல்லுக்குள் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. காகிதம் என்று நினைக்கப் பார்த்தார். காகிதம் காற்றுக்கு அசைய வேண்டும். அது அசையவில்லை.

இறங்கி நடந்தார். இரண்டே கம்பத் தூரம். ஆண் பறவை. அதன் தொண்டைப் பை தொய்ந்து கிடந்தது. அருகில் உட்கார்ந்து எறும்புகளைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். செய்தி கேட்டு ஜீப்பில் வந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரைத் திட்டத்தான் போகிறாள் என்று தயாராக இருந்தார். அவளும் எறும்புகளைத் தள்ளத் தொடங்கினாள்.

"ஏழுல ரெண்டு முன்னமே காணாமப் போச்சு. இருந்தது இது ஒரு ஆண்தாண்ணா. மிச்சம் நாலும் பெட்டை."

"பதினஞ்சு நாள் முன்னாடி இந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சிருந்தா?"

"தெரியலண்ணா."

"முதல் தடவையே நான் பறவைன்னு எழுதியிருந்தா?"

அவள் அளவெடுக்கும் டேப்பைப் பிரித்துச் சிறகின் நீளத்தைக் குறித்துக்கொண்டாள். மீதி மூன்று கிலோமீட்டருக்கும் ஏணி தகடு மாட்டி முடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கம்பியில் எதுவும் மோதவில்லை. மோதுவதற்கு அதிகம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

நான்கு பெட்டைகளில் ஒன்று வயலில் மருந்து தின்று செத்தது. இரண்டு எங்கே போயின என்று தெரியவில்லை. மழைக்கு முன்னால், மீதமிருந்த ஒன்று புல்லில் முட்டையிட்டது. ஆராய்ச்சிக்காரப் பெண் தொலைநோக்கியைக் கொடுத்து ஏணியைப் பார்க்கச் சொன்னாள்.

"பொரிக்குமாம்மா?"

"ஆணே இல்லையேண்ணா. கரு இருக்காது. வருஷா வருஷம் இப்படி ஒண்ணு வைக்கும். ஒண்ணும் வராது."

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அது பாட்டுக்கு அடைகாக்கும்."

வயல்காட்டு நாய்கள் அந்தப் பக்கம் சுற்றத் தொடங்கியிருந்தன. மறுநாள் விடிந்ததும் ஏணி ஒரு கழியை எடுத்துக்கொண்டு புல்வெளி ஓரத்துக்குப் போனார். பறவை மிரளாத தூரத்தில் நின்று, நெருங்கிய நாய்களைத் துரத்தினார். பத்து மணிக்கு மீட்டர் அறைக்குப் போய்விட்டு, மாலையில் மறுபடி வந்து நின்றார். "பொரியாத முட்டைக்குக் காவலா?" என்று சைக்கிளில் போன யாரோ கேட்டார். அவர் கழியைத் தட்டிக்கொண்டு நாய் வந்த திசையையே பார்த்தார்.

கரு இருந்திருந்தால் ஒரு மாதத்தில் பொரிந்திருக்க வேண்டும். பறவை நாற்பத்தியொரு நாள் உட்கார்ந்திருந்தது. கடைசி நாள் காலையில் எழுந்து, முட்டையை அலகால் ஒரு முறை புரட்டிவிட்டு, மெல்ல நடந்து போனது.