இட்லிப்பூச் செடிக்கு இருவர் ஊற்றிய தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாறில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமான புதிது. என் மனைவி ஒரு தொட்டியில் இட்லிப்பூச் செடி வைத்தாள்.

“இதுல இட்லி காய்ச்சா சொல்லு, தண்ணி தூக்கறேன்” என்றேன்.

“உங்க தண்ணிய யார் கேட்டா? நானே பாத்துக்கறேன்” என்றாள்.

காலையில் அவள் ஊற்றுவாள். மாலையில் அவள் கோயிலுக்குக் கிளம்பியதும் நானும் ஒரு வாளி ஊற்றுவேன். அந்தச் சிவப்புக் கொத்துகள் எனக்கும் பிடித்துவிட்டன. கேலி பேசிவிட்டு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

வருஷம் முழுவதும் பச்சையாக இருக்க வேண்டிய செடி மஞ்சளாகி இலை உதிர்த்தது. வாடுகிறதே என்று நான் இன்னும் அதிகமாக ஊற்றினேன். கடைசியில் அவள் பிடுங்கிப் பார்த்தாள். வேர் கறுத்து அழுகியிருந்தது.

“அளவாத்தானே ஊத்தினேன்! நீங்க ஏதாவது ஊத்தினீங்களா?”

“நானா? எனக்கென்ன வேலையில்லையா?”

“அப்ப எனக்குத்தான் கைராசி இல்ல.”

அதன்பின் அவள் எந்தச் செடியும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா துளசிக்கன்று கொடுத்தபோதுகூட என்னிடம் நீட்டினாள். நான் நட்டேன், அது தழைத்தது. “பாத்தீங்களா, உங்க கை ராசியான கை” என்றாள், கொஞ்சமும் பொறாமையில்லாமல்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பிறகும் எத்தனையோ வருஷங்கள் சேர்ந்து வாழ்ந்தோம். ஏன் சொல்லவில்லை என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அவள் கோபித்திருக்க மாட்டாள், சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேனா? இப்போது கேட்க அவள் இல்லை.