வெர்னா மூடிய கேட்

பேரன் பிறந்து ஒரு வாரம் ஆன பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். அன்றைக்கு நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்பது புரிய வேண்டுமென்றால் முதலில் இதைச் சொல்லியாக வேண்டும்.

நானும் என் மனைவி வெர்னாவும் டயமன்டினா தேசியப் பூங்காவில் ஆற்றோரம் கூடாரம் போட்டிருந்தோம். அங்கே போன் எடுக்காது. காலையில் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது பூங்காவைக் காவல் பார்க்கும் ரேஞ்சர் பெண் வந்து வண்டியை நிறுத்தினாள்.

"லெஸ் நீங்கதானே? உங்க பையன் ரோவன் மூணு நாளா ஆபீசுக்குப் போன் போட்டுட்டே இருக்காராம். பேரன் பொறந்துட்டான். பேரு ஜெத்ரோ. இன்னைக்குச் சாயங்காலம் அம்மாவும் பிள்ளையும் ஹோபார்ட்டுக்குப் பிளேன் ஏறுறாங்க. அதுக்குள்ள மவுன்ட் ஐசாவுக்கு வந்துடச் சொன்னார்."

நாட்டின் தென்கோடியில் இருக்கும் ஹோபார்ட்டில் மருமகள் பிப்பாவின் அம்மா வீடு. போனால் நாலு மாதம் கழித்துத்தான் வருவார்கள். ரோவன் இருக்கும் மவுன்ட் ஐசாவுக்குப் பாதி வழி மண் ரோடு, பாதி தார் ரோடு. உடனே கிளம்பினால், பிளேன் ஏறுமுன் அரை மணி நேரமாவது பேரனைப் பார்க்கலாம். தேநீரைக் கீழே ஊற்றிவிட்டுக் கூடாரத்தைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

வெர்னாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். பேச்சு வருவதற்கு முன்பே கேட் சங்கிலியைக் கழற்றத் தெரியும் என்று அவள் அப்பா சொல்வார். மாடு ஓட்டுகிறவர்களின் முகாமில் ரொம்ப வருஷம் சமையல் செய்தாள். முப்பது பேருக்கு மணலில் குழி தோண்டி ரொட்டி சுடுவாள். சாப்பாடு சரியில்லை என்று ஒருவன் முணுமுணுத்தால் அவனையே மறுநாள் வெங்காயம் உரிக்க உட்கார வைப்பாள். நான் ரயில்வேயில் தண்டவாளத்துக்கு அடியில் கட்டை மாற்றினவன். மாட்டைக் கண்டால் இன்றைக்கும் தள்ளித்தான் நிற்பேன். எங்கள் வீட்டில் மாடு, தண்ணீர், வேலி சம்பந்தமாக அவள் சொல்வதுதான் சட்டம். அதில் அவள் தப்பு செய்து நான் பார்த்ததே இல்லை, அந்த நாள் வரைக்கும்.

பூங்காவைத் தாண்டி ஒரு பண்ணை நிலத்துக்குள் ரோடு போகிறது. அங்கே ஒரு கேட்டைக் கடந்ததும், கூரைமேல் இருந்த தண்ணீர் கேன் ஆடுகிறதே என்று வண்டியை நிறுத்திக் கயிற்றை இறுக்கினேன். வெர்னா கால் நீட்ட இறங்கினாள். மூக்கு யாரைக் கொண்டு பிறந்திருக்கும் என்று என்னிடம் பேசிக்கொண்டே நடந்தாள். திரும்ப வந்து ஏறினாள். போனோம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருப்பேன்.

"லெஸ், நிறுத்து."

"ஏன், வயித்தைக் கலக்குதா?"

"நிறுத்துன்னேன்."

கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒரு கம்பித் துண்டு. இவ்வளவு நேரமும் அதை முறுக்கிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"கேட்டைத் திறந்து வச்சுக் கம்பத்தோட கட்டியிருந்த கம்பி இது. நான் அவுத்துட்டேன். பேச்சு சுவாரஸ்யத்துல திறந்திருந்த கேட்டைச் சாத்திட்டேன், லெஸ்."

எங்கள் பக்கத்தில் கேட் எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுப் போக வேண்டும். திறந்து கட்டி வைத்திருந்தால், இந்தப் பக்கத்து மாடு அந்தப் பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம். வெயிலோ அன்றைக்கு மண்டையைப் பிளந்தது.

"பின்னால வர்றவன் எவனாவது திறப்பான்," என்றேன்.

"எவன் திறப்பான்? மூடியிருக்குன்னு பாப்பான், தாண்டிப் போவான், மறுபடி மூடுவான். நல்லவனா இருந்தா இன்னும் கெட்டியா மூடுவான்."

அவள் சொன்னது சரிதான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. வண்டியில் இருந்த ஒயர்லெஸ் ரேடியோவில் பண்ணைக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இரைச்சல்தான் வந்தது.

அப்போது எதிரே சுற்றுலாக்காரர்களின் புத்தம் புது கேரவன் ஒன்று வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டையோடு ஒருவர் தலையை நீட்டினார்.

"நண்பரே, ஒரு உதவி. முன்னாடி ஒரு கேட் மூடியிருக்கும். அதைத் திறந்து விட்டுட்டுப் போங்க."

"மூடின கேட்டையா? இருக்குற மாதிரியே விடணும்னு எல்லாரும் சொல்லித்தான் அனுப்பினாங்க."

"அதை மூடினதே இவதான்!"

அவர் வெர்னாவை ஏற இறங்கப் பார்த்தார். "பண்ணை உங்களுதா?"

"இல்ல," என்றாள் வெர்னா.

"அப்ப நீங்க எப்படிங்க சொல்லலாம்?"

பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "நெவில், நமக்கெதுக்கு வம்பு? கிளம்பு," என்றார். கிளம்பிவிட்டார்கள்.

வெர்னா சுற்றி வந்து என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள். ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியைத் திருப்பினாள்.

"உனக்குப் பேரன் முக்கியமா, ஊரான் மாடு முக்கியமா?" என்று கத்தினேன்.

"அவனுக்குப் பால் குடுக்க அம்மா இருக்கா. அதுங்களுக்கு யாரு இருக்கா?"

"பிளேன் போயிடும்டி!"

"தெரியும்."

அவ்வளவுதான் பேசினாள். வழியில் ஒரு லாரி எதிரே வந்தது. எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்குவது எங்கள் ஊர் மரியாதை. லாரிக்காரன் தூக்கினான். வெர்னா தூக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேட்டில் சிவப்பு மாடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கம்பியில் கழுத்தை அழுத்தியபடி தொட்டியைப் பார்த்துக் கதறின. திறந்ததும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின.

"போதும், வா!" என்றேன்.

அவள் வரவில்லை. ஒரு கன்று பயந்துபோய் இந்தப் பக்கமே நின்றது. அதன் பின்னால் போய்த் தொப்பியை ஆட்டி ஆட்டி நகர்த்தினாள். அது இரண்டு அடி போகும், நிற்கும், என்னைப் பார்க்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது தாயிடம் போன பிறகுதான் கேட்டைக் கம்பத்தோடு கட்டிவிட்டு வந்தாள்.

மண் ரோடு முடிந்து பூலியா ஊருக்கு வந்ததும் போன் எடுத்தது. ரோவனைக் கூப்பிட்டேன்.

"அப்பா, எங்க இருக்கீங்க? பிப்பா பிளேன் ஏற வரிசையில நிக்கிறா!"

"பூலியா."

"பூலியாவா! இன்னும் மூணு மணி நேரம் ஆகுமே!"

"உங்கம்மாவைக் கேளு."

வெர்னா வாங்கினாள். "ரோவன், திறந்திருந்த கேட்டை நான் சாத்திட்டேன்டா. திரும்பிப் போய்த் திறந்துட்டு வர்றோம்."



"கேட்டுல மாடு நின்னுச்சா?"

"நின்னுச்சு. கன்னுங்க வேற."

"அப்ப சரிதாம்மா."

"என்னடா சரி!" என்று போனைப் பிடுங்கினேன். "பிள்ளை வாய்கிட்ட வை."

விக்கல் சத்தம் கேட்டது. அழவில்லை, சிணுங்கவில்லை. விக்கினான். மறுபடி விக்கினான். அப்புறம் ரோவன், "போறாங்கப்பா," என்றான்.

கடை வாசலில் இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம் ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் கடிக்கவில்லை. அடுத்து லான் ஹில் பூங்காவுக்குப் போவதாகத்தான் திட்டம்.

"லான் ஹில்தானே?" என்றாள் மெதுவாக.

"இல்ல. ஹோபார்ட்."

"அது தீவு, லெஸ்."

"கப்பல் இருக்கு."

"இந்த டயரை வச்சுக்கிட்டா?"

"மாத்திக்கலாம்."

"நாலு மாசத்துல அவங்களே வந்துடுவாங்க."

"அப்ப நீ இங்கயே இரு."

அவள் எழுந்து வழிக்கு இன்னும் இரண்டு அப்பம் வாங்கிக்கொண்டு வந்து ஏறினாள். வண்டியைத் தெற்கே திருப்பினேன். அடுத்த ஊரான பெடூரி வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை.

பல நாள் ஓட்டி, கப்பல் ஏறி, ஒருவழியாக ஹோபார்ட் போய்ச் சேர்ந்தபோது பயல் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பக் கூடாது என்று பிப்பாவின் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.